டெசிமிரின் மேளத்தில் ஒட்டிய சதுரம்

எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் பேண்டுக்காரர்களுக்குக் கூலி இரண்டு. ஒன்று பேசிய கூலி. அது கையில் வரும், அன்றோடு முடியும். மற்றது நெற்றியில் வரும். ஆடிக்கொண்டே வரும் விருந்தாளி ஒரு நோட்டை எடுப்பார்; நாலு பேர் பார்க்கிறார்களா என்று சுற்றிலும் ஒரு பார்வை பார்ப்பார்; பிறகு வாசிக்கிறவனின் வியர்த்த நெற்றியில் பளாரென்று ஒட்டுவார். நெற்றியில் இடமில்லாவிட்டால் ட்ரம்பெட்டின் வாயில் செருகுவார். யாரும் பார்க்காமல் கொடுத்தால் அது கொடுத்ததாகவே சேராது. வாசிக்கிறவனும் இந்த இரண்டாவது கூலிக்காகத்தான் உயிரைக் கொடுத்து வாசிக்கிறான். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

டெசிமிருக்கு நெற்றி அகலம். ஒரே நேரத்தில் ஏழு நோட்டுகள் தாங்கிய நெற்றி அது. ஐம்பத்தொன்பது வயது ஆகிறது. அரிலியே டவுனுக்கு மேலே மலைச்சரிவில் வீடு. வாரநாட்களில் ராஸ்பெரி குளிர்கிடங்கில் பாரம் தூக்கும் வண்டி ஓட்டுவார். சனி, ஞாயிறுகளில் எட்டுப் பேர் கொண்ட பேண்டில் பெரிய மேளம். பட்டாளத்தில் இருந்தபோது இவருக்கு அணிவகுப்பில் கால் ஒத்து வரவில்லை. திட்டித் திட்டி அலுத்துப்போன மேலதிகாரி ஒரு மேளத்தை மாட்டிவிட்டார். அன்று முதல் மற்ற எல்லோரும் இவருடைய காலுக்கு ஒத்து நடக்க வேண்டியதாயிற்று. ரோசாண்டா கிடைத்ததும் மேளத்தால்தான். அவள் அக்காவின் கல்யாணத்தில் இவர் நெற்றியில் ஒரு நோட்டை ஒட்டி, "நிறுத்தினா திரும்ப எடுத்துக்குவேன்" என்றாளாம். இவர் விடியும்வரை நிறுத்தவில்லை.

பணத்தின் மேல் அவருக்குப் பெரிய மரியாதை கிடையாது, அதற்குக் காரணம் உண்டு. தொண்ணூற்று மூன்று போய்த் தொண்ணூற்று நாலு பிறந்த விலை மணிக்கு மணி ஏறிய அந்தப் பாழாய்ப்போன குளிர்காலத்தில், ஒரு விருந்தில் அவர் நெற்றியில் ஐம்பதாயிரம் கோடி தினார் நோட்டு ஒன்று வந்து ஒட்டியது. அச்சடித்த நோட்டுதான், அசல் நோட்டுதான். மூன்று நாள் கழித்துக் கடைக்கு எடுத்துப் போனபோது கடைக்காரன் அதற்கு ஒரு தீப்பெட்டி கொடுத்தான், அதுவும் பழக்கத்துக்காக. அதிலிருந்து காசு என்றால் அது ஒட்டுகிற நிமிஷம்தான் காசு என்பது டெசிமிரின் கட்சி.

பிறகு நாடு திருந்தியது. முன்பெல்லாம் கரண்ட் பில் கட்டத் தபால் ஆபீஸ் வரிசையில் சீட்டை எழுதிக்கொண்டு அரை நாள் நிற்க வேண்டும். இப்போது பில்லின் மூலையில் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு சதுரம் அச்சாகி வருகிறது. போனைக் காட்டினால் டிங். ஞாயிற்றுக்கிழமையானாலும், பண்டிகையானாலும், எந்த வங்கியிலிருந்தும் எந்த வங்கிக்கும் நொடிக்குள் காசு போய்ச் சேர்ந்துவிடும். சந்தையில் பாலாடைக்கட்டி விற்கும் பெண்கள்கூடத் தங்கள் சதுரத்தை அட்டையில் ஒட்டித் தொங்கவிட்டார்கள். ஊரில் ஒருத்தர் பையிலும் நோட்டு இல்லை. இத்தனை முன்னேற்றத்திலும் நஷ்டப்பட்டது டெசிமிரின் நெற்றி ஒன்றுதான்.

அந்தச் செப்டம்பரில் ஒரு கல்யாணத்தில் இளவட்டம் ஒருவன் ஆடிக்கொண்டே வந்தான். சட்டைப் பையைத் தட்டினான், கால்சட்டைப் பையைத் தட்டினான்.

"காசே இல்லண்ணே. எல்லாம் போன்லதான் கிடக்கு. எங்க அனுப்பட்டும், சொல்லுங்க."

"நெத்திக்கு அனுப்புடா" என்றார் டெசிமிர்.

அவன் சிரித்தான், இரண்டு சுற்று ஆடினான், போய்விட்டான். அன்று எட்டுப் பேருக்கும் சேர்த்து நெற்றிக் கூலி வேன் பெட்ரோலுக்குச் சரியாக இருந்தது.

திரும்பும் வழியில் வேனை ஓட்டியவன் வுகாஷின். முதல் ட்ரம்பெட், பேண்டின் தலைவன், ரோசாண்டாவின் அண்ணன் மகன். முப்பத்தொரு வயது. ஊதினால் மலைக்கு அந்தப் பக்கம் கேட்கும், பேசினால் இந்தப் பக்கமே சுடும்.

"மாமா, காசு வாங்குற பொறுப்பு உங்களோடது. ஆளுங்க போனைக் காட்டுறாங்க, நீங்க நெத்தியக் காட்டுறீங்க."

"அதுக்கு நான் என்னடா பண்றது?"

"சாச்சாக் டவுன்ல ஒரு பையன் இருக்கான். டிரம் செட்டு, கலர் லைட்டு, எல்லாம் வெச்சிருக்கான். காசும் சதுரத்துலதான் வாங்குறான். நானும் சொந்தம்னு பாக்குறேன். மித்ரோவ்தான் வரைக்கும் பாப்பேன். அதுக்கு மேல என்னைக் குத்தம் சொல்லக் கூடாது."

மித்ரோவ்தான் நவம்பர் எட்டாம் தேதி. எங்கள் பேண்டுகளுக்கு வருஷம் அன்றைக்குத்தான் முடிகிறது. மதியம் எல்லோரும் சேர்ந்து சாப்பிட்டுவிட்டுப் பங்கு பிரிப்பார்கள். அடுத்த வருஷத்துக்கு யார் இருக்கிறார், யார் போகிறார் என்று கைகொடுத்து முடிவு செய்வார்கள். யாருக்குக் கை நீளவில்லையோ அவர் தன் வாத்தியத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். டெசிமிர் அன்று வீட்டுக்கு வந்ததும் மேளத்தைக் கழற்றி மூலையில் வைக்காமல், மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேளம் இல்லாமல் ஒரு சனிக்கிழமையை என்ன செய்வது என்று அவருக்கு முப்பத்தேழு வருஷமாகத் தெரியாது.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. யோசனையில் பிழை சொல்ல முடியாது, அந்த அளவுக்கு நேராக இருந்தது. ரோசாண்டா மாதாமாதம் பில்லை மேஜையில் விரித்துச் சதுரத்தைப் போனில் காட்டிப் பணம் கட்டுவதை அவர் பார்த்திருக்கிறார். சதுரத்துக்குக் கீழே என்ன எழுதியிருக்கிறது? டெசிமிர் என்று அவர் பெயர். அவர் வீட்டு விலாசம். ஆக, அது அவருடைய சதுரம். சந்தைப் பெண்ணுக்கு ஒன்று இருப்பதுபோல இவருக்கும் அரசாங்கம் ஒன்று கொடுத்து, மாதாமாதம் ஞாபகப்படுத்தியும் வந்திருக்கிறது. இவர்தான் இத்தனை நாள் கவனிக்காமல் இருந்திருக்கிறார்.

ரோசாண்டாவிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை. அவளை அசத்த வேண்டும் என்று நினைத்தார். சமையல் கத்தரிக்கோலால் பில்லிலிருந்து சதுரத்தை மட்டும் அளவாக வெட்டி எடுத்தார். டவுனில் அச்சுக்கடைப் பெண்ணிடம் கொடுத்துத் தட்டு அளவுக்குப் பெரிதாக்கச் சொன்னார். அவளுக்கென்ன, சதுரங்கள் எல்லாம் பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும். அதைத் தண்ணீர் படாத தாளில் அடித்து வாங்கி மேளத்தோலின் நடுவில், அடி விழாத பக்கத்தில், கெட்டியாக ஒட்டினார். அவர் வைத்திருந்ததோ பொத்தான் போன். அதில் பேச மட்டும்தான் முடியும். சதுரத்தைச் சோதித்துப் பார்க்க அவருக்கு வழி இல்லை, சோதிக்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை.

அக்டோபர் முதல் சனிக்கிழமை, மரம் அறுக்கும் ஆலைக்காரர் வீட்டுக் கல்யாணம். நானூற்றைம்பது பேர் கொள்ளும் கூடாரம், மண்பானையில் ராத்திரி முழுக்க வெந்த முட்டைக்கோஸ், முழுசாகச் சுட்ட ஆட்டுக்குட்டிகள். ரோசாண்டா வரவில்லை, வீட்டில் குளிர்காலத்துக்காக மூன்று மூட்டைக் குடமிளகாய் சுட்டுக்கொண்டிருந்தாள். டெசிமிர் மேளத்தோடு கூடாரத்தின் நடுவில் போய் நின்று கத்தினார்.

"சொந்தங்களே, நெத்தியெல்லாம் பழைய காலம்! மேளத்துல போனைக் காட்டுங்க. ஒருத்தர் காட்டினா மூணு அடி அடிப்பேன், அவர் பேரைச் சொல்லுவேன். நானூத்தம்பது பேருக்கும் கேக்கும்!"

இதில்தான் அவருடைய மூளை இருந்தது. போனில் காசு அனுப்பினால் நாலு பேருக்குத் தெரியாதே என்பதுதான் எல்லோருடைய குறையும். மூன்று அடியும் பெயரும் அந்தக் குறையைத் தீர்த்துவிட்டன.

முதலில் வந்தவர் மாப்பிள்ளைத் தோழர். எங்கள் கல்யாணங்களில் மாப்பிள்ளையின் அப்பாவைவிட அவருக்குத்தான் மரியாதை அதிகம். போனைக் காட்டினார். புருவத்தைத் தூக்கினார்.

"யோவ் டெசிமிர், நான் தொகையே போடல. தானா நாலாயிரத்து எண்ணூத்தி அறுபதுன்னு வந்து நிக்குது!"

டெசிமிருக்கும் அது புதுச் செய்திதான். ஆனாலும் மேளக்காரர், தாளம் தவறவிடுவாரா?

"வந்தா அனுப்புங்க. கூச்சப்படாதீங்க."

"ரேட்டே போட்டு வெச்சிருக்கியா? சரி, அந்த அறுபது எதுக்குய்யா?"

"அது மேளத்தோலுக்கு!"

கூடாரம் சிரித்தது. தோழர் அழுத்தப் போனவர், போன் திரையைக் கண்ணருகில் கொண்டுபோய் எதையோ படித்தார். மெல்லத் தலையாட்டினார். டெசிமிரைப் பார்த்து உதட்டில் விரலை வைத்து, ஒரு கண்ணைச் சிமிட்டினார். பிறகு அழுத்தினார்.

அவர் படித்தது இதுதான்: பணம் பெறுபவர், கரண்ட் கம்பெனி. வேறு ஊராக இருந்தால் யாராவது ஒருவர், "ஐயா, தப்பாக ஒட்டியிருக்கிறீர்கள்" என்று சொல்லியிருப்பார். எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தப்பு என்ற எண்ணமே வரவில்லை. கூலியைக் கையில் வாங்காமல் பில்லாகவே கட்ட வைத்து வரிக்காரன் கண்ணில் மண்ணைத் தூவ டெசிமிர் கண்டுபிடித்த வழி என்று தோழர் ஒரே நொடியில் முடிவு செய்துவிட்டார். இந்த மாதிரி விஷயத்தைச் சத்தமாகப் பேசுவது நாகரிகம் இல்லை. பக்கத்தில் இருந்தவர் காதில் மட்டும் சொன்னார். அவர் அடுத்தவர் காதில் சொன்னார். மூன்றாவது ஆட்டம் முடிவதற்குள் கூடாரத்தில் பெண்வீட்டுப் பாதிரியார் உட்பட எல்லோருக்கும் தெரிந்திருந்தது. வந்தவர் எல்லாம் போனைக் காட்டினார்கள், கண்ணைச் சிமிட்டினார்கள், அழுத்தினார்கள். தன் வாசிப்பு இன்று அபாரமாக அமைந்துவிட்டது என்று நினைத்து டெசிமிரும் பதிலுக்குக் கண்ணைச் சிமிட்டினார். இரண்டு மாமன்மார் போட்டிபோட்டு இரண்டு முறை கட்டினார்கள். வுகாஷின் கண்ணை மூடி ஊதிக்கொண்டிருந்தான். அவனுக்கு மூன்று அடியும் பெயர்களும்தான் கேட்டன. மொத்தம் நாற்பத்து மூன்று முறை.

வேனில் வரும்போது அவனே, "பரவால்ல மாமா, தேறிட்டீங்க" என்றான். டெசிமிருக்கு நெற்றியெல்லாம் ஜிலுஜிலு என்று இருந்தது.

பன்னிரண்டு நாள் கழித்து பணம் எடுக்க வங்கிக்குப் போனார். கவுண்டரில் ஸகோர்க்கா, அவர் மகளோடு படித்த பெண். கணக்கில் கிடங்குச் சம்பளம் தவிர ஒரு தினார்கூட இல்லை என்றாள். டெசிமிர் நேரே வீட்டுக்குப் போய் மேளத்தைத் தூக்கி வந்து, வங்கிக் கதவில் இரண்டு இடத்தில் இடித்து உள்ளே கொண்டுவந்து கவுண்டர் மேல் நிறுத்தினார். வரிசையில் நின்றவர்கள் வழிவிட்டார்கள்.

"இதுல பாரும்மா. இதுல போட்ட காசு எங்க போச்சு?"

ஸகோர்க்கா தன் போனைக் காட்டிப் பார்த்தாள். இன்னொரு முறை காட்டினாள். பிறகு தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து டெசிமிர் பயந்துபோனார்.

"மாமா," என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இது உங்க ஆகஸ்ட் மாசக் கரண்ட் பில்லு."

"என் பேரு இருந்துச்சேம்மா!"

"கட்ட வேண்டியவர் நீங்க. அதான் உங்க பேரு. வாங்குறவங்க அவங்க. உங்க கரண்ட நாப்பத்து மூணு தடவ கட்டியிருக்காங்க, மாமா. இனிமே மூணரை வருசத்துக்கு நீங்க கரண்டுக்குக் காசே கட்ட வேணாம்."

நல்ல பெண், அவளே கரண்ட் ஆபீசுக்குப் போன் போட்டுக் கேட்டாள். பணத்தைத் திருப்பித் தரலாமாம். ஆனால் கட்டிய ஒவ்வொருவரும் நேரில் வந்து, தவறுதலாகக் கட்டிவிட்டோம் என்று கையெழுத்துப் போட வேண்டுமாம். டெசிமிர் அன்று மாலையே தோழரிடம் போய் நயமாக ஆரம்பித்தார். தோழர் கதவைச் சாத்திவிட்டுக் கிசுகிசுத்தார்.

"கையெழுத்தா? கவர்மெண்டு கவுண்டர்லயா? டெசிமிர், நாங்க உன்னைக் காட்டிக் குடுக்க மாட்டோம்யா. அடிச்சாலும் வாயத் திறக்க மாட்டோம். நீ பயப்படாம போ."

ஒருவர்கூட வர மாட்டார் என்பது அப்போதே விளங்கிவிட்டது. தோழர் கொடுத்த ராக்கியாச் சாராயத்தைக் குடித்துவிட்டு நடந்தே வீடு வந்தார்.

ரோசாண்டாவிடம் சொன்னார். அவள் திட்டவில்லை, அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

"பசங்ககிட்ட சொல்லிடு."

"சொன்னா மேளம் போயிடும்டி. வுகாஷின் காத்துக்கிட்டு இருக்கான்."

"சொல்லாட்டி மானமும் சேர்ந்து போயிடும்."

அடுத்த மூன்று வாரம் டெசிமிர் ஓடி ஒளிந்தார். "வங்கியில தாமதமாகுதுடா" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தார். "நொடியில போற காசு மாமா, அது என்ன உங்களுக்கு மட்டும் நடந்து வருதா?" என்று வுகாஷின் கேட்டான்.

மித்ரோவ்தான் வந்தது. காசுப் பொறுப்பு வைத்திருக்கிறவர் வீட்டில், அதாவது டெசிமிர் வீட்டில்தான் விருந்து. மற்ற ஏழு பேரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். டெசிமிர் உட்காரவில்லை. மேளத்தைக் கொண்டுவந்து வுகாஷினின் நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்தார். நின்றபடியே, கத்தரிக்கோலிலிருந்து தோழர் வீட்டுக் கதவுவரை எல்லாவற்றையும் சொன்னார். மாதாமாதம் சம்பளத்தில் பிடித்து எல்லோர் பங்கையும் அடைப்பதாகச் சொன்னார். மேளத்தை வேண்டுமானால் சாச்சாக் பையனுக்கே கொடுத்துவிடலாம், தோல் புதுசுதான் என்றும் சொன்னார்.

வுகாஷினின் முகம் ட்ரம்பெட் ஊதும்போது ஆகும் நிறத்துக்கு வந்துவிட்டது.

"மாமா, பில்லையா ஒட்டுனீங்க? பில்லையா?"

"ஆமாடா."

"ரெண்டு லட்சத்துக்கு மேல!"

"ஆமாடா."

மேஜையின் அந்தக் கோடியில் ட்யூபா வாசிக்கும் மிலென்கோ எலும்பைக் கடித்துக்கொண்டிருந்தார். நூற்றிருபது கிலோ ஆள், வருஷத்துக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். எலும்பைக் கீழே வைத்தார்.

"அப்ப என் பங்குக்கு எத்தனை யூனிட்டு வரும்?"

முதலில் சின்ன மேளக்காரன் சிரித்தான். பிறகு இரண்டாம் ட்ரம்பெட். பிறகு கட்டுக்கடங்கவில்லை. ரோசாண்டா அடுப்படியில் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மிலென்கோ மட்டும் சிரிக்கவில்லை, அவர் விளையாட்டுக்குக் கேட்கவில்லை.

"எங்க வீட்ல வாசிங் மெசின் ஓடினாலே பொண்டாட்டி மீட்டரப் போய்ப் பாக்குறா. இங்க கொண்டாந்து துவைச்சா என்ன? நம்ம காசுதானே ஓடுது?"

"சிரிக்கிற விசயமா இது?" என்று வுகாஷின் எகிறினான். "சாச்சாக் பையன நாளைக்கே..."

"அவரை வெளிய அனுப்பிட்டு அப்புறம் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு அவர் வீட்ல போய்த் துவைக்கிறது?" என்றார் மிலென்கோ. அந்த வருஷத்துக்கான வார்த்தைகளை அவர் அன்றே செலவழித்துவிட்டார்.

வுகாஷினின் பங்கும் அந்த மீட்டருக்குள்தானே மாட்டியிருக்கிறது. கடைசியில் கையை நீட்டினான், ஆனால் முறைத்துக்கொண்டே நீட்டினான்.

"கரண்ட் தீர்ற வரைக்கும் மேளம் உங்களோடது. தீர்ந்ததுக்கு மேல ஒரு நாள்கூடக் கிடையாது. சரியா?"

"சரிடா" என்று டெசிமிர் அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

அந்தக் குளிர்காலத்தில் டெசிமிரின் வீட்டைப் பார்த்திருக்க வேண்டும். திங்கள், வியாழன் மிலென்கோ வீட்டுத் துணி. செவ்வாய், வெள்ளி மற்றவர்கள் துணி. இரண்டாம் ட்ரம்பெட் தன் பெரிய குளிர்ப்பெட்டியை அப்படியே தூக்கி வந்து கொட்டகையில் வைத்துவிட்டான், உள்ளே இரண்டு ஆடு. சின்ன மேளக்காரனின் மனைவி கிறிஸ்துமஸ் கேக்குகளை இங்கேயே சுட்டாள். யாரும் சும்மா வரவில்லை. ஒருத்தி வெண்ணெய் கொண்டுவந்தாள், ஒருத்தன் விறகு பிளந்து கொடுத்தான், வெதுவெதுப்பாக இருக்கிறதே என்று மாலையில் எல்லோரும் அங்கேயே உட்கார்ந்து வாசித்துப் பழகினார்கள். பேண்டு அப்படி ஒரு நாளும் வாசித்ததில்லை. டிசம்பர் நடுவில் வுகாஷினின் வாடகை வீட்டில் அடுப்பு புகைந்து, நாலு மாதக் குழந்தைக்கு இருமல் வந்துவிட்டது. ரோசாண்டா யாரையும் கேட்கவில்லை. குழந்தையைப் போர்த்தித் தூக்கிக்கொண்டு வந்து மாடி அறையில் இரண்டு ஹீட்டருக்கு நடுவில் போட்டாள். பின்னாலேயே அவன் மனைவி சென்காவும், அவள் பின்னால் பெட்டியோடு வுகாஷினும் வந்து சேர்ந்தார்கள்.

எல்லோருக்கும் கொண்டாட்டம், டெசிமிரைத் தவிர. மூன்றரை வருஷத்துக்கு வர வேண்டிய கரண்ட், மாதம் ஐம்பதாயிரம் தினார் வீதம் கரைந்துகொண்டிருந்தது. ஜனவரியில் அவர் மீட்டர் எதிரில் நாற்காலி போட்டு உட்கார ஆரம்பித்தார். எண் ஒன்று நகர்ந்தால் எழுந்து போய் எங்கே என்ன ஓடுகிறது என்று பார்ப்பார். ஆள் இல்லாத அறைகளில் விளக்கை அணைத்தார். பிறகு ஆள் இருக்கும் அறைகளிலும் அணைத்தார். கொட்டகையில் குளிர்ப்பெட்டியின் இணைப்பை ஒருநாள் பிடுங்கிவிட்டு, வெளியே பனிதானே, ஆடு கெடாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அன்று பார்த்து வெயில் அடித்தது. இரண்டு ஆட்டையும் அந்த வாரமே எட்டுக் குடும்பமும் சேர்ந்து சாப்பிட வேண்டியதாயிற்று.

"வயசாக ஆக உனக்குக் கஞ்சத்தனம் வந்துடுச்சு" என்றாள் ரோசாண்டா.

அவர் எழுந்து மீட்டர் எதிரில் போய் உட்கார்ந்தார். காரணத்தைச் சொன்னால் சிரிப்பாள், சிரித்தால் அவருக்கு அழுகை வரும்.

பிப்ரவரி கடைசியில் ஒரு மதியம் பில் வந்தது. மிச்சம் ஏழாயிரத்துச் சொச்சம். நாலைந்து நாள் தாங்கும். டெசிமிர் மாடிக்குப் போனார். குழந்தை இரண்டு ஹீட்டருக்கு நடுவில் கை இரண்டையும் தலைக்கு மேல் போட்டுக்கொண்டு தூங்கியது. ஒரு ஹீட்டரின் சுவிட்சில் கையை வைத்தார். பிறகு கையை எடுத்துக்கொண்டு கீழே வந்து, அடுப்படி ஹீட்டரை அணைத்துவிட்டுக் கோட்டு, தொப்பி, கையுறை எல்லாம் மாட்டிக்கொண்டு மேஜை முன்னால் உட்கார்ந்தார்.

வுகாஷின் உள்ளே வந்தான். அவன் வாயிலிருந்து புகையாக மூச்சு வந்தது.

"என்ன மாமா, வெளிய கிளம்புறீங்களா?"

"இல்லடா."

"அப்புறம் எதுக்கு இந்தக் கோலம்? ஹீட்டர் ரிப்பேரா?"

டெசிமிர் பில்லை மெல்லக் கோட்டுக்குள் மறைக்கப் பார்த்தார். வுகாஷின் அதை இழுத்துப் படித்தான். கீழே இருந்த எண்ணைப் பார்த்தான். அணைந்திருந்த ஹீட்டரைப் பார்த்தான். மாமாவின் கையுறையைப் பார்த்தான்.

"இந்த லைட்டு, அந்தக் குளிர்ப்பெட்டி... எல்லாம் நீங்கதானா? எத்தனை நாளா?"

"ஜனவரிலேருந்து."

"எதுக்கு மாமா?"

"நீதானடா சொன்ன, கரண்ட் தீர்ற வரைக்கும்னு."

வுகாஷின் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். மாடியில் குழந்தை ஒருமுறை சிணுங்கிவிட்டு அடங்கியது. அவன் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தான். பில்லைக் கோட்டின் கையால் நீவிச் சமப்படுத்தி, மூலையில் இருந்த சதுரத்தின் மேல் போனைப் பிடித்தான். டிங் என்றது.

"என்னடா பண்ற?"

"கட்டுறேன்."

"அதான் இன்னும் மிச்சம் இருக்கே! பைத்தியமாடா நீ?"

"இந்த மாசம் நான். அடுத்த மாசம் மிலென்கோ. அதுக்கப்புறம் மத்தவங்க, முறை போட்டுக்கலாம்." அவன் தலையைத் தூக்கவில்லை. "தீர விடக் கூடாது மாமா."

டெசிமிர் தொப்பியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"சாச்சாக் பையன்?"

"கிறிஸ்துமஸ் அன்னிக்கே வேண்டாம்னு சொல்லிட்டேன். உங்ககிட்ட சொல்லத்தான் எனக்கு வாய் வரல." வுகாஷின் எழுந்து மூக்கை உறிஞ்சினான். "முதல்ல அந்த ஹீட்டரப் போடுங்க. சனிக்கிழமை இவானித்சா ஊர்ல கல்யாணம். கை விறைச்சுக் கிடந்தா யாரு மேளம் அடிக்கிறது?"

டெசிமிர் கையுறைகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். குனிந்து ஹீட்டரைப் போட்டார்.